பிறை வரைந்த கவர்

பழுப்புக் காகிதக் கவர். உள்ளங்கை அளவுதான் இருக்கும். வாயை இரண்டு மடிப்பாக மடித்து, மடிப்பின் மேல் நகத்தால் ஓர் இழுப்பு இழுத்துக் கொடுப்பார் டாக்டரம்மா. முகப்பில் நீல மையில் ஒரு பிறை. திண்டுக்கல்லில் அவரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்ட எல்லாருக்கும் அந்தப் பிறையைத் தெரியும். காலையில் போட வேண்டிய மாத்திரைக்குக் கதிர் விரித்த சூரியன், மத்தியானத்துக்கு வெறும் வட்டம், இரவுக்குப் பிறை. குஜிலியம்பாறைப் பக்கத்துக் காட்டுவேலைக்காரப் பெண்களுக்கு எழுத்துத் தெரியாதே என்று தொடங்கிய பழக்கம், போகப் போக வருகிறவர்கள் அத்தனை பேருக்கும் என்று ஆகிவிட்டது. பத்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துகிற எனக்கும் பிறைதான். "எழுதப் படிக்கத் தெரிஞ்சவளுக்கு எதுக்கு டாக்டரம்மா படம்?" என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே கேட்டேன். "பாக்க அழகா இருக்குல்ல? வச்சுக்க" என்றார். அழகாகத்தான் இருந்தது. அப்படி ஒரு கவர் இப்போதும் என் பீரோவில், பட்டுச்சேலைகளுக்கு அடியில் கிடக்கிறது. அதைப் பார்த்தால் பிரியமும் வருகிறது, ஆத்திரமும் வருகிறது. ஆத்திரம்தான் முந்திக்கொண்டு வருகிறது.

ஒரு மழைக்காலத்தில் எங்கள் தெரு முழுக்கச் சிக்குன்குனியா. வீட்டுக்கு வீடு ஆட்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். கோலம் போட ஆளில்லை. பொங்கலுக்குள் எல்லாரும் எழுந்து நிமிர்ந்துவிட்டார்கள். எனக்கு மட்டும் காய்ச்சல் போனது, வலி போகவில்லை. விரல் கணுக்கள், மணிக்கட்டு, தோள்பட்டை, கணுக்கால் என்று அது உடம்புக்குள்ளேயே இடம் மாறி உட்கார்ந்துகொண்டது. சாக்பீஸைப் பிடித்தால் கட்டைவிரல் எரியும். கரும்பலகையில் கையைத் தூக்கி ஒரு சமன்பாடு எழுதி முடித்தால், தூக்கிய கையை இறக்குவதற்கு இன்னொரு கை வேண்டும். இரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, மதுரைக்குப் போய் ஸ்கேன், எல்லாம் எடுத்தாகிவிட்டது. எல்லாம் நார்மல். எலும்பு டாக்டர் ஒருவர், "நார்மல்னா சந்தோஷப்படுங்கம்மா" என்று எழுந்துகொண்டார். வலி நிவாரணி தின்று தின்று வயிறு புண்ணானதுதான் மிச்சம். என் நாத்தனார் வந்தபோதெல்லாம் என்னை மேலும் கீழும் பார்ப்பாள். "ஊரே படுத்துச்சு, ஊரே எந்திரிச்சிருச்சு. ஒனக்கு மட்டும் என்ன மதினி அம்புட்டு வலி?" என்பாள். என் கணவர் வாயைத் திறந்து ஒன்றும் சொன்னதில்லை. வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலை அலுவலகத்தில் வேலை அவருக்கு. காலையில் மில் பஸ்ஸுக்குப் போகும்போது, எடுத்துவைக்க முடியாமல் நான் விட்டிருந்த சாப்பாட்டுப் பாத்திரங்களை ஒரு பார்வை பார்ப்பார். அதற்கு நாத்தனார் பேச்சே தேவலை.

டாக்டரம்மாவிடம் முதன்முதலில் போன நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. மலைக்கோட்டைக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது அவர் கிளினிக். பருத்திச் சேலை, மூக்குக் கண்ணாடிக்கு ஒரு கறுப்புக் கயிறு, மேசை மேல் மூடி போட்ட டம்ளரில் சுக்குக் காப்பி. நான் நீட்டிய ரிப்போர்ட்டுக் கட்டைப் பிரிக்காமல் ஓரமாக வைத்துவிட்டார். "அத அப்புறம் பாக்கலாம். எங்க வலிக்குதுன்னு ஒவ்வொரு எடமா தொட்டுக் காட்டு" என்றார். நான் தொட்ட இடத்தையெல்லாம் தன் விரலால் தொட்டு, லேசாக அழுத்தி, என் முகத்தைப் பார்த்தார். அவசரமே படவில்லை. வெளியே அத்தனை பேர் காத்திருந்தார்கள். எல்லாம் முடிந்த பிறகு சொன்னார்: "ரிப்போர்ட்டுல ஒண்ணுமில்லன்னா வலி இல்லன்னு அர்த்தமில்லம்மா. வலிக்குதுன்னு நீ சொல்ற. நான் நம்புறேன்." எனக்குப் பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. ஒரு மனுஷி நம்புகிறேன் என்று சொன்னதற்கு இப்படி அழுவேன் என்று நானே நினைக்கவில்லை. பக்கத்தில் இருந்த கணவர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று டாக்டரம்மா, "நீ வெளிய போயி சிஸ்டர்கிட்ட எடை பாத்துட்டு வா" என்று என்னை அனுப்பினார். எடை மெஷின் முள் ஒரு இடத்தில் நிற்கமாட்டேன் என்று ஆடிக்கொண்டே இருந்தது. சிஸ்டர் அதைத் தட்டித் தட்டிப் பார்த்தார். நான் திரும்பி வந்தபோது டாக்டரம்மா ஒரு வெள்ளை பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்து, பாதி நீலமும் பாதி வெள்ளையுமான கேப்ஸ்யூல் மாத்திரைகளைக் கவரில் போட்டுக்கொண்டிருந்தார். மற்ற மாத்திரைகளையெல்லாம் பட்டையோடு கத்தரித்துத்தான் போடுவார். இது மட்டும் டப்பாவிலிருந்து உதிரியாக வந்தது. டப்பாவில் லேபிள் இல்லை. "இது நரம்புக்கு. சத்து மாதிரின்னு வச்சுக்க. ராத்திரி சாப்ட்டுட்டு ஒண்ணு. மெதுவாத்தான் கேக்கும், பொறுத்துக்க" என்று சொல்லி, பிறை போட்டு, மடித்து, நகத்தால் இழுத்து, என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார்.

மெதுவாகத்தான் கேட்டது. முதலில் குமட்டலும் தூக்கக் கலக்கமுமாக இருந்தது. பிறகு ஒருநாள் பத்தாம் வகுப்பில் ஒரு பெரிய கணக்கைப் பலகையின் இடக்கோடியில் ஆரம்பித்து வலக்கோடியில் முடித்துவிட்டுத் திரும்பினேன். பிள்ளைகள் எழுதிக்கொண்டிருந்தார்கள். என் கை தானாகவே கீழே இறங்கியிருந்தது. எனக்கு நம்பிக்கை வராமல் பலகையை அழித்துவிட்டு அதே கணக்கை இன்னொரு தரம் எழுதினேன். "மிஸ், போட்ட கணக்கையே போடுறீங்க" என்று ஒருத்தி சொன்னாள். "வாயடிக்காத, எழுது" என்று அதட்டிவிட்டு, மணி அடித்ததும் ஆசிரியர் அறைக்குப் போய் எல்லாரிடமும் சொன்னேன். அன்று சாயங்காலம் பூ மார்க்கெட்டில் மல்லிகை வாங்கிக்கொண்டு நேராக டாக்டரம்மாவிடம் போனேன். வரிசையில் உட்காரக்கூட இல்லை, திரையை விலக்கி, கையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினேன். நோயாளியின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்திருந்தபடியே அவர் சிரித்தார். அதன்பின் அவரைப் பார்க்க நான் வெறுங்கையோடு போனதில்லை. முருங்கைக்காய், கொடுக்காப்புளி, மகள் செய்த கேக். என் பிறந்த வீட்டில் பேசாததையெல்லாம் அவரிடம் பேசினேன். அவரைப் பற்றி ஒருவர் ஒரு சொல் குறைத்துப் பேசினால் எனக்குப் பொறுக்காது, சண்டைக்குப் போய்விடுவேன்.

அந்த வருஷங்களில் என் கணவரும் மாறினார். அல்லது மாறினார் என்று நினைத்துக்கொண்டேன். சாப்பிட்டு முடித்ததும், "மாத்திரை போட்டியா?" என்று கேட்பார். கேட்கக் கேட்க எனக்கு உள்ளுக்குள் குளிரும். நம்மையும் ஒருத்தர் கவனிக்கிறாரே என்று. ராத்திரி மட்டும்தான் என்றில்லை, பேச்சு தடித்தாலும் அதையே கேட்பார். எங்கள் மகளை ஒன்பதாம் வகுப்பிலிருந்து வெளியூர் ஹாஸ்டல் பள்ளியில் போட வேண்டும் என்று அவரும் நாத்தனாரும் பேசி முடிவெடுத்துவிட்டு வந்து சொன்னார்கள். பிள்ளைகளைக் கோழி அடைக்கிற மாதிரி அடைத்துப் படிக்கவைக்கும் பள்ளி அது. நான் முடியாது என்றேன். குரலை உயர்த்தித்தான் சொன்னேன். அவர் என் முகத்தையே செத்த நேரம் பார்த்துவிட்டு, ரொம்ப மெதுவாக, "நேத்து மாத்திரை போட்டியா?" என்றார். நான் உருகிப் போனேன். இவ்வளவு கோபத்திலும் என் உடம்பைத்தான் நினைக்கிறார் பாரேன் என்று தோன்றியது. மேற்கொண்டு பேசவில்லை. பிள்ளை ஹாஸ்டலுக்குப் போனாள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில் அழுதாள். வருஷம் முடிந்து, கன்னம் ஒட்டி, நகத்தைக் கடித்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

வலி போனால் பழனிக்கு நடந்தே வருகிறேன் என்று நான் வேண்டியிருந்தேன். அதை நிறைவேற்ற ஒரு தைப்பூசத்தில்தான் தோது வந்தது. எங்கள் தெருவிலிருந்து ஆண்டுதோறும் ஒரு குழு போகும். பள்ளியில் திருப்புதல் தேர்வு நடந்துகொண்டிருந்ததால், நடைக்கு ஒரு வாரம் இருக்கும்போதுதான் மாலை போட்டுக்கொண்டேன். மாலை போட்டால் பெயர் கிடையாது, எல்லாரும் சாமிதான். மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் மாலை போட்டிருந்தாள். பூஜை முடிந்து பிரசாதம் சாப்பிட்ட பிறகு நான் கவரைப் பிரித்து மாத்திரையை வாயருகே கொண்டுபோனேன். அவள் பதறிக்கொண்டு கையைப் பிடித்தாள். "ஐயய்யோ சாமி, அந்தக் கூடு எதுல செய்றாகன்னு தெரியுமா? மாட்டெலும்பும் தோலும் காய்ச்சித்தான் செய்றாகளாம். எங்க மொதலாளியே சொன்னாரு. மாலையோட அதப் போயி முழுங்குவீகளா?" எனக்குக் கை கூசிவிட்டது. இத்தனை வருஷமும் கவுச்சியைத்தான் தின்றுகொண்டிருந்தேனா? எப்படியும் சத்து மாத்திரைதானே, திரும்பி வந்து போட்டுக்கொண்டால் போயிற்று என்று கவரை மடித்து அலமாரியில் வைத்துவிட்டேன். அது ரத்தக் கொதிப்பு மாத்திரையாக இருந்திருந்தால் நிறுத்தியிருப்பேனா? டாக்டரம்மாவுக்கு ஒரு போன் போட்டிருக்கமாட்டேனா? சத்து என்று சொன்னதற்கு யாராவது போன் போடுவார்களா?

அடுத்தடுத்த நாட்களில் தேர்வறையில் நின்றுகொண்டிருக்கும்போது தலைக்குள் ஏதோ ஒன்று வெட்டி இழுத்தது. ஈரக் கையோடு சுவிட்சைத் தொட்டது போல ஒரு ஜிவ்வு. கண்ணை இடமிருந்து வலம் திருப்பினால் போதும், ஜிவ். தலையைத் திருப்பினால், ஜிவ், உதடு வரைக்கும். வேர்த்துக் கொட்டியது. கண்ணை மூடினால் கண்ட கண்ட கனவு. ஒரு பிள்ளை கூடுதலாக ஒரு விடைத்தாள் கேட்டாள் என்பதற்காக எரிந்து விழுந்தேன், பிறகு அவளைவிட அதிகமாக நான் அழுதேன். விரதம் பழக்கமில்லாததால் உடம்பு இப்படிச் செய்கிறது என்றாள் பக்கத்து வீட்டுச் சாமி. இருக்கும் என்று நானும் நினைத்தேன். முருகன் சோதிக்கிறான், சோதிக்கட்டும், வலியையே தாங்கியவளுக்கு இது என்ன என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன்.

ஒட்டன்சத்திரம் தாண்டி ஒரு அன்னதானப் பந்தலில் காலைப் பலகாரத்துக்கு உட்கார்ந்திருந்தோம். இன்னொரு குழு காவடியோடு வந்தது. உறுமியும் மேளமும் காதைப் பிளந்தன. அரோகரா என்று ஒரு கூட்டமே கத்தியது. என்ன சத்தம் என்று சட்டெனத் தலையைத் திருப்பினேன். உச்சந்தலையிலிருந்து கால்வரைக்கும் ஒரு வெட்டு. உடம்பு தூக்கிப் போட்டது. கையிலிருந்த இலை எங்கோ போயிற்று. அடுத்த வெட்டு, அதற்கடுத்தது. நான் ஆடிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. அவ்வளவுதான், பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி கொண்டையை அவிழ்த்துவிட்டாள். ஒருத்தி நெற்றியில் விபூதியை அப்பினாள். "சாமி எறங்கிருச்சு, சாமி எறங்கிருச்சு" என்று குலவை. அந்த ஊர்க்காரம்மா ஒருவர் என் முன்னால் மண்டியிட்டுக் கும்பிட்டுக்கொண்டு, "ஏனுங்க சாமி, எம்மவனுக்கு எப்பங்க கண்ணாலம் ஆவும்? ஒரு வார்த்த சொல்லுங்க சாமி" என்று அழுதார். எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. "தண்ணி... தண்ணி குடுங்க" என்றேன். "சாமி தண்ணி கேக்குது!" என்று ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை அப்படியே தலையில் ஊற்றினார்கள். இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று செத்துவிடுவேன் என்று நினைத்தேன். எனக்குள் வந்தது முருகன் இல்லை என்று எனக்குத் தெரியும். எது என்றுதான் தெரியவில்லை.

எங்கள் குழுவைக் கூட்டிப்போன குருசாமி போன் செய்ய, கணவர் ஒரு காரை எடுத்துக்கொண்டு வந்தார். நனைந்த மஞ்சள் சேலையோடு பந்தல் காலில் சாய்ந்திருந்தேன். ஓடி வந்தவர் என்னம்மா ஆச்சு என்று கேட்கவில்லை. "மாத்திரை போட்டியா?" என்றார்.

"இல்ல. மாலை போட்டதுல இருந்து போடல."

தலையில் கைவைத்துக்கொண்டார். "அடிப் பாவி! அதத் திடுதிப்புனு நிறுத்தவே கூடாதுன்னு டாக்டரம்மா தலபாடா அடிச்சுக்கிட்டாகளே!"

"எப்பச் சொன்னாங்க? என்கிட்டச் சொல்லலயே."

"என்கிட்டச் சொன்னாக" என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கே புரிந்தது. என் செருப்பைத் தேடுவது போலக் குனிந்துகொண்டார்.

கார் பழனிப் பக்கம் போகவில்லை, திண்டுக்கல்லுக்குத் திரும்பியது. வழியில் அவரிடமிருந்து விஷயத்தைக் கேட்டுக் கேட்டு வாங்கினேன். அது மனச்சோர்வுக்குக் கொடுக்கிற மாத்திரை. முதல் நாள், எடை மெஷின் முள் ஆடிக்கொண்டிருந்த அந்த நேரத்தில், டாக்டரம்மா அவரிடம் சொல்லியிருக்கிறார். மருந்தின் பெயர், அது எதற்கெல்லாம் கொடுப்பது, எப்படி நிறுத்தக்கூடாது, கோபமோ அழுகையோ கூடினால் தனக்குச் சொல்ல வேண்டும், எல்லாம். அவங்களுக்குச் சொல்லிக்க வேணாம் என்றும் சொல்லியிருக்கிறார். அவர் தன் தங்கையிடம் சொல்லியிருக்கிறார். ஆக, என் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். என் நாக்கில் நான் வைத்து விழுங்கிய பொருளின் பெயர் எனக்கு மட்டும்தான் தெரியாது. எதிரில் பச்சை வேட்டியும் காவடியுமாக ஆட்கள் பழனிக்கு நடந்து போய்க்கொண்டே இருந்தார்கள். மகளை ஹாஸ்டலுக்கு அனுப்பும் பேச்சு வந்த அன்று இவர் கேட்ட கேள்வி எனக்கு அப்போதுதான் விளங்கியது. என் உடம்பைக் கேட்டிருக்கவில்லை. எனக்குப் புத்தி சரியாக இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். நான் அதற்கு உருகியிருக்கிறேன். காரை நிறுத்தச் சொல்லிச் சாலையோரத்தில் வாந்தி எடுத்தேன். அது மாத்திரை நிறுத்தியதாலா என்று யாராவது கேட்டிருந்தால் அடித்திருப்பேன்.

மறுநாள் கணவரோடு கிளினிக்குக்குப் போனதும் டாக்டரம்மா எடுத்த எடுப்பில் என்னைக் கடிந்துகொண்டார். "ஏம்மா, என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம நிறுத்தலாமா?"

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம நீங்க குடுக்கலாமா?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். கயிற்றில் அது நெஞ்சில் விழுந்து தொங்கியது. "வலிக்குத்தாம்மா குடுத்தேன். மனச்சோர்வுக்கும் குடுக்கிறது, தீராத வலிக்கும் குடுக்கிறது. வலியத் தூக்கிட்டுப் போற நரம்பை அமத்தும். ஒனக்குக் கேட்டுச்சா இல்லையா?"

"கேட்டுச்சு. அத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா போட்டிருப்பியா?"

போட்டிருக்கமாட்டேன் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் தொடர்ந்தார்: "போன்ல பேரைப் போட்டுப் பாத்திருப்ப. டாக்டரம்மாவும் நம்மளப் பைத்தியம்னு முடிவு கட்டிட்டாங்கன்னு குப்பையில எறிஞ்சிருப்ப. வலியோட கெடந்திருப்ப. இந்த ஊரப் பத்தி ஒனக்குத் தெரியாதா? அந்தப் பேச்சு ஒருக்கக் கெளம்புனா நிக்குமா?"

"அப்பறம் ஏன் இவர்கிட்டச் சொன்னீங்க டாக்டரம்மா? இவரும் இந்த ஊர்தானே?"

அதற்கு அவர் இன்றுவரை பதில் சொல்லவில்லை. வெள்ளை டப்பாவை எடுத்தார், கவரில் போட்டார். மறுபடி ஆரம்பிக்க வேண்டும், தலைக்குள் வெட்டுவது நின்றபின் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும், அவசரப்பட்டால் இதைவிட மோசமாகும் என்றெல்லாம் தெளிவாகத்தான் சொன்னார். ஒரு நல்ல ஆசிரியை பாடம் நடத்துவது போலத்தான் இருந்தது. ஆனால் என் கணவரைப் பார்த்துச் சொன்னார். பிறை போட்டார், மடித்தார், நகத்தால் இழுத்தார். பழக்க தோஷத்தில் என் கை நீண்டிருந்தது. கவர் மேசைக்கு மேலாகக் கணவர் கைக்குப் போனது. "நீங்க பாத்துக்குங்க சார்" என்றார் டாக்டரம்மா.

அந்தக் கவரை நான் தொடவில்லை. வீம்பு என்றால் வீம்புதான். அது ஃபிரிட்ஜ் மேல் கிடந்தது. வாரக்கணக்கில் தலைக்குள் வெட்டிக்கொண்டே இருந்தது. வெட்டு குறைந்து வந்தபோது பழைய வலி, போன இடத்திலிருந்து நிதானமாகத் திரும்பி வந்து விரல் கணுக்களில் உட்கார்ந்தது. அதைவிட மோசம், எது என்னுடையது என்று எனக்கே தெரியாமல் போனது. அழுகை வந்தால் இது நானா, மருந்து போன குறையா? கோபம் வந்தால் இது இவர் செய்ததற்கா, மூளையில் ஏதோ ஒன்று இல்லாததற்கா? பூ வாங்கிக்கொண்டு ஓடினேனே, கையைத் தூக்கிக் காட்டினேனே, அந்தச் சந்தோஷமாவது என்னுடையதா? வீட்டில் கதவு கொஞ்சம் சத்தமாகச் சாத்தினாலும் கணவர் நிமிர்ந்து பார்ப்பார். கேட்கமாட்டார், பார்ப்பார். நியாயமான கோபத்தைக்கூட நிம்மதியாகப் படமுடியாத ஆளாக என்னை ஆக்கிவிட்டார்கள் இருவரும். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

கடைசியில் வேறு ஒரு டாக்டரிடம் போனேன், தனியாக. இளவயதுக்காரர். கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் எல்லாம் கேட்டார். "டுலாக்செடின். டிப்ரஷனுக்கும் குடுப்போம், உங்க மாதிரி வலிக்கும் குடுப்போம். போடுறதும் போடாததும் உங்க முடிவு. போட்டா, நிறுத்தும்போது மெதுவாத்தான் நிறுத்தணும்" என்றார். அவ்வளவுதான். நான் அழவுமில்லை, எழுந்து ஓடவுமில்லை. பெயரைத் தாளில் எழுதி வாங்கிக்கொண்டேன். இதோ, இங்கேயும் எழுதிவிட்டேன், ஒன்றும் இடிந்து விழவில்லை. யோசித்துவிட்டு, சிறிய அளவில் நானாகவே மறுபடி ஆரம்பித்தேன். இப்போது அவர் சொல்கிறபடி குறைத்துக்கொண்டு வருகிறேன். ஒவ்வொரு முறை குறைக்கும்போதும் கொஞ்சநாள் தலை வெட்டும். இன்ன காரணத்தால் வெட்டுகிறது என்று தெரிந்து படுவது வேறு மாதிரி இருக்கிறது, பட்டுவிடலாம். ஆனால் அந்த டாக்டர் எங்கே வலிக்கிறது என்று தொட்டுக் காட்டச் சொன்னதில்லை. கையைத் தொட்டதே இல்லை. டாக்டரம்மாவை நினைத்துக்கொள்ளும்படி ஆகிவிடுகிறது, என்ன செய்ய.

டாக்டரம்மா கிளினிக்கை மூடிவிட்டு வெளியூரில் மகளோடு இருக்கிறார். சமீபத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் பார்த்தேன். மெலிந்திருந்தார். கண்ணாடிக் கயிறு அதே கறுப்பு. கூட்டத்தில் என்னைக் கண்டுகொண்டு நேராக வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு ஒரு கணம் எல்லாம் மறந்துபோயிற்று. கையை விடாமலே, எனக்குப் பக்கத்தில் நின்ற என் கணவரைப் பார்த்து, "இப்ப எப்படி இருக்காங்க சார்? ஒழுங்கா போடுறாங்களா?" என்றார்.

"நான் இங்கதான் நிக்கிறேன் டாக்டரம்மா. என்கிட்டக் கேளுங்க."

சத்தமாகவே வந்துவிட்டது. பந்திக்குப் போய்க்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டரம்மாவின் முகத்தில் ஒரு தடுமாற்றம். பிறகு பிடித்திருந்த கையைத் திருப்பி, கட்டைவிரல் கணுவில், சரியாக அந்த இடத்தில், தன் விரலை வைத்து லேசாக அழுத்தினார். எத்தனை வருஷம் கழித்தும் இடம் மறக்கவில்லை.

"இங்க இன்னும் வலிக்குதா?"

"வலிக்குது."

"நம்புறேம்மா" என்றார்.

முன்பு இதே சொல்லுக்குத்தான் பொலபொலவென்று அழுதேன். அன்று அந்த முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றேன். மெய்யாகத்தான் சொல்கிறாரா, நான் கேட்டுச் சமாதானமாகட்டும் என்று சொல்கிறாரா? மெய்யாகவே இருந்திருக்கலாம். முதல் நாளும் மெய்யாகவே இருந்திருக்கலாம். எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, "சாப்ட்டுப் போங்க டாக்டரம்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து பட்டுச்சேலையை மடித்து வைக்கும்போது கவரை வெளியே எடுத்தேன். ஃபிரிட்ஜ் மேல் கிடந்த அதே கவர்தான். மாத்திரைகளைக் கொட்டிவிட்டேன், கவரை எறிய மனம் வரவில்லை. நகம் இழுத்த மடிப்பு இன்னும் கத்தியாக நிற்கிறது. நீல மை கொஞ்சம் மங்கியிருக்கிறது. பிறை என்னவோ அழகாகத்தான் இருக்கிறது. அதற்குக் கீழே காகிதம் வெறுமையாகக் கிடக்கிறது. விரலை வைத்துப் பார்த்தேன். ஒரு பெயரை எழுத அங்கே தாராளமாக இடம் இருக்கிறது.